ரோசா பார்க்ஸ்: களைப்பின் கதையும் உடலின் வரலாறும்

1973ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் காப்பகத்தில் இருக்கிறது. அறுபது வயதுப் பெண் ஒருவர் குப்புறப் படுத்து, முழங்கால்களை மடக்கி, கைகளைப் பின்னால் நீட்டிக் கால்களைப் பற்றியபடி உடலை வில்லாக வளைத்திருக்கிறார். தனுராசனம் என்று யோகப் பயிற்சியாளர்கள் இதைச் சொல்வார்கள். அந்தப் பெண் ரோசா பார்க்ஸ். மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்து உலகறியப்பட்ட அதே ரோசா பார்க்ஸ்.

உலகம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் இந்தப் படத்துக்கு இடமில்லை. அக்கதையில் அவர் எப்போதும் களைத்தவர். நாள் முழுதும் தைத்து ஓய்ந்துபோன வயதான தையற்காரப் பெண், கால்வலி தாங்காமல் உட்கார்ந்தே இருந்துவிட்டார். அதிலிருந்து ஒரு புரட்சி தற்செயலாகப் பிறந்தது. பள்ளிப் பாடநூல்கள் இப்படித்தான் சொல்கின்றன. நம் மேடைகளிலும் நல்லெண்ணத்தோடு இப்படியே சொல்லப்படுகிறது. அன்றைக்கு அவருக்கு வயது 42. வழக்கத்தைவிட உடற்களைப்பு ஏதும் தமக்கு அன்று இல்லை என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் மறுத்திருக்கிறார். ஆனால் களைப்பின் கதை ஆதிக்கத்துக்கு வசதியானது. களைத்த பெண் மீது இரக்கம் காட்டலாம். திட்டமிட்டுப் போராடும் பெண்ணிடம் பதில் சொல்லியாக வேண்டும். அவருடைய உடல் உண்மையிலேயே நொறுங்கியது பேருந்து நிகழ்வுக்குப் பிறகு, அதன் விலையாகத்தான். அந்த உடலை அவர் எப்படி மீட்டெடுத்தார் என்பது போராட்ட வரலாற்றின் பகுதியாகவே படிக்கப்பட வேண்டும்.

ரோசா லூயிஸ் மெக்காலி 1913 பிப்ரவரி 4 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தச்சர்; தாய் லியோனா பள்ளி ஆசிரியை. தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, பைன் லெவல் என்ற சிற்றூரில் தாய்வழித் தாத்தா பாட்டியின் வீட்டில், தம்பி சில்வெஸ்டரோடு வளர்ந்தார். குழந்தைப் பருவம் முழுதும் தொண்டை அழற்சி அவரை வாட்டியது. அந்த உடல்நிலையோடு பருத்தி வயலிலும் வேலை செய்தார். முதல் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் கு கிளக்ஸ் கிளான் வெறியர்கள் கறுப்பர் குடியிருப்புகளின் ஊடாகச் சென்று அச்சுறுத்திய இரவுகளில், தாத்தா துப்பாக்கியை அருகில் வைத்துக்கொண்டு கண்விழித்துக் காவலிருப்பார். சிறுமி ரோசா அவரோடு உட்கார்ந்திருப்பார். தாத்தா மார்கஸ் கார்வியின் ஆதரவாளர். அடிமைத்தனத்தில் பிறந்து, பட்டினியையும் அடியையும் கண்டு வளர்ந்த மனிதர். அடித்தவனைத் திருப்பி அடிக்கும் உரிமை உண்டு என்ற பாடம் பேத்திக்கு முதலில் கிடைத்தது அந்த இரவுகளில்தான்.

பதினோரு வயதில் மாண்ட்கோமரியில் இருந்த பெண்களுக்கான தொழிற்பள்ளியில் சேர்ந்தார். தையல் அங்கே கற்றது. பதினாறு வயதில் பாட்டி நோயுற்றதால் படிப்பு நின்றது. பிறகு தாயும் நோயில் விழுந்தார். 1932 டிசம்பரில் ரேமண்ட் பார்க்ஸ் என்ற முடிதிருத்துநரை மணந்தார். பொய்யான பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் மரண தண்டனையை எதிர்கொண்டிருந்த ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள் ஒன்பது பேருக்காக நிதி திரட்டியவர் ரேமண்ட். உயிருக்கு ஆபத்தான வேலை அது. விட்ட பள்ளிப் படிப்பை மணமான பின் ரோசா முடித்ததற்குக் கணவரின் ஊக்கம் முக்கியக் காரணம். கறுப்பர்களில் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெற்றோர் அரிதாக இருந்த காலம்.

1943இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளையில் சேர்ந்தார், செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குறிப்பெழுதுவது மட்டும் செயலாளரின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கொலை, பாலியல் வன்முறை, காவல்துறைக் கொடுமை ஆகியவை நடந்த ஊர்களுக்குச் சென்று சாட்சியங்களைப் பதிவு செய்ய வேண்டும். 1944இல் அபவில் என்ற ஊரில் ரெசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் சிலர் கடத்திக் கூட்டு வல்லுறவுக்கு உட்படுத்தினர். விசாரிக்கச் சென்றவர் ரோசா பார்க்ஸ். அவரை ஊரைவிட்டு விரட்டினர். நீதிக்கான குழு நாடு முழுவதும் இயங்கியும், குற்றவாளிகள் மீது குற்றப்பத்திரிகைகூடப் பதியப்படவில்லை. வன்கொடுமை வழக்குகளில் உண்மை அறியும் குழுவாகச் சென்ற நம் தோழர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாக்குரிமைக்காகவும் அவர் தனியே ஒரு போர் நடத்தினார். எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பரை வடிகட்டிய முறையைக் கடந்து, மூன்றாவது முயற்சியில் 1945இல் வாக்காளராகப் பதிவு பெற்றார். தகுதி வயதை எட்டிய ஆண்டிலிருந்து கணக்கிட்டு, பின்தேதியிட்ட வாக்கு வரியாக 16.50 டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஒரு தையற்காரப் பெண்ணுக்கு அது பெருந்தொகை.

பேருந்துக்கு வருவோம். மாண்ட்கோமரியில் பேருந்துப் பயணிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கறுப்பர். முன்வரிசை இருக்கைகள் வெள்ளையருக்கு. கறுப்பர் முன்வாசலில் ஏறிக் கட்டணம் செலுத்தி, இறங்கி, பின்வாசல் வழியாக மீண்டும் ஏற வேண்டும். சில ஓட்டுநர்கள் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பின்வாசலுக்குப் போவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள். 1943இல் அப்படிப் பின்வாசலுக்குப் போக மறுத்ததற்காக ஜேம்ஸ் பிளேக் என்ற ஓட்டுநர் ரோசாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்த ஓட்டுநரின் வண்டியைத் தவிர்த்தே வந்தார். 1955 டிசம்பர் 1 மாலை கவனிக்காமல் ஏறிய வண்டியின் ஓட்டுநர் அதே பிளேக்.

அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் இருக்கையில் அன்று, நடுப்பகுதியில். வெள்ளையர் ஒருவர் நிற்க நேர்ந்ததால் அந்த வரிசையில் இருந்த நான்கு கறுப்பரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தனர். ரோசா சாளரத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே உண்டு. வேறு இருக்கை காலியாக இல்லாதபோது யாரையும் இருக்கையிலிருந்து எழுப்பக் கூடாது என்பது நகரச் சட்டத்தின் விதி. இனஒதுக்கல் சட்டத்தின்படியே பார்த்தாலும் அவர் குற்றம் செய்யவில்லை. ஆகவே ஓட்டுநருக்கு வரம்பற்ற அதிகாரம் தந்த மாநிலச் சட்டத்தை அரசுத் தரப்பு கையில் எடுத்தது. டிசம்பர் 5 அன்று அரை மணி நேரத்துக்குள் விசாரணை முடிந்தது. 10 டாலர் தண்டம், 4 டாலர் வழக்குச் செலவு. தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்ட சட்டத்தையே ஆதிக்கம் மீறும். மீறுவதற்கு இன்னொரு சட்டத்தை அலமாரியில் வைத்திருக்கும்.

அவருக்கு முன்பும் எழ மறுத்தவர்கள் இருந்தனர். அதே ஆண்டு மார்ச் 2 அன்று பதினைந்து வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின் கைதானார். அக்டோபரில் பதினெட்டு வயது மேரி லூயிஸ் ஸ்மித். இவர்களை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினர். வறிய குடும்பம், வயது, பின்னர் திருமணமாகாமலே கருவுற்றது என்று கோல்வினை ஒதுக்கக் காரணங்கள் சேர்ந்தன. மதிப்புக்குரிய தோற்றம் கொண்டவரையே சமூகத்தின் முகமாக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களிலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இனஒதுக்கலைச் சட்டப்படி வீழ்த்திய பிரௌடர் எதிர் கேய்ல் வழக்கின் மனுதாரர்கள் ஆரிலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கோல்வின், ஸ்மித் ஆகிய இந்தப் பெண்களே. ரோசாவின் வழக்கு மாநில நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் அவரை மனுதாரராகச் சேர்க்க வேண்டாம் என்று, அப்போது இருபத்தைந்து வயதே ஆகியிருந்த வழக்கறிஞர் பிரெட் கிரே முடிவு செய்தார். 1956 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் பேருந்து ஒதுக்கலை அரசமைப்புக்கு முரணானது என்றது. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கோல்வினின் சிறார் வழக்குப் பதிவு அழிக்கப்பட்டது 2021இல். அறுபத்தாறு ஆண்டுகள்.

இடையில் 381 நாள்கள் மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் நடந்தார்கள். மகிழுந்துகளைக் கூட்டாக இயக்கும் ஏற்பாடு இருந்தது; ஆயினும் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் பலர் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தனர். போராட்டம் என்றால் என்ன என்பதற்கு உடல்சார்ந்த விளக்கம் அது. கால், முழங்கால், முதுகு எல்லாம் வழக்கின் தரப்பினர். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று தில்லியில் அண்ணல் அம்பேத்கர் மறைந்தபோது மாண்ட்கோமரியில் மக்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். பேருந்துகள் சமத்துவமாக ஓடத் தொடங்கியது அதற்கு இரு வாரங்கள் கழித்து, டிசம்பர் 21 அன்று. நீரிழிவும் மூட்டு நோவும் பல ஆண்டுகள் தின்ற உடலோடு, 65 வயதில் போய்விட்டார் அம்பேத்கர்.

வெற்றி ரோசாவுக்குத் தந்தது என்ன? 1956 ஜனவரியில் அவர் தையல் வேலை பார்த்த மாண்ட்கோமரி ஃபேர் அங்காடி அவரை வேலையிலிருந்து நீக்கியது. விமானப்படைத் தளத்தின் முடிதிருத்தகத்தில் வேலை பார்த்த ரேமண்ட், மனைவியைப் பற்றியோ போராட்டத்தைப் பற்றியோ பேசக் கூடாது என்ற தடையை ஏற்காமல் வெளியேறினார். தொலைபேசியில் இரவும் பகலும் கொலை மிரட்டல்கள் வந்தன. ரேமண்டின் மனநிலை குலைந்தது, குடிப்பழக்கம் கூடியது. ரோசாவுக்கு வயிற்றுப்புண்ணும் தூக்கமின்மையும் வந்தன. அவர் ஊர் ஊராகச் சென்று பேசி இயக்கத்துக்கு நிதி திரட்டித் தந்த ஆண்டு அது. வீட்டில் வருமானம் இல்லை. இயக்கத்தில் அவருக்கு ஊதியத்தோடு கூடிய ஒரு பொறுப்பைத் தர யாரும் முன்வரவில்லை. 1957இல் அலபாமாவைவிட்டே குடும்பம் வெளியேறியது. வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரி விடுதியில் சிறிது காலம் வேலை பார்த்தார். பிறகு தம்பி வாழ்ந்த டெட்ராய்ட் நகரில் குடியேறினார்.

அடுத்த ஆண்டுகள்தாம் மிகக் கொடியவை. 1955இல் சுமார் 3,700 டாலராக இருந்த கணவன் மனைவி இருவரின் ஆண்டு வருமானம் 1959இல் 700 டாலருக்கும் கீழே வந்தது. வயிற்றுப்புண்ணுக்கு அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. மருத்துவமனைக் கட்டணத்தை அடைக்க வழியில்லை. 1960இல் ஜெட் இதழ் அவருடைய நிலையை எழுதிய பிறகுதான் இயக்கத்தவர் பலருக்குச் செய்தியே தெரிந்தது. பேருந்துப் புறக்கணிப்பின் தாய் என்று மேடைதோறும் போற்றப்பட்டவர், டெட்ராய்ட்டில் ஒரு தையற்கூடத்தில் ஆடைக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார். 1963இல் வாஷிங்டன் பேரணியில் பெண் தலைவர்களுக்கான பாராட்டுப் பகுதியில் அவர் பெயரும் சொல்லப்பட்டது. உரையாற்றும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

இதை வெள்ளை ஆதிக்கத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. தியாகத்தைக் கொண்டாடத் தெரிந்த இயக்கத்துக்குத் தியாகியின் மருந்துச் செலவைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லை. ரோசாவும் கேட்கிறவர் அல்லர். தன் துன்பத்தை வெளியே சொல்லாத இயல்பு. தாங்கிக்கொள்வதே பெண்ணின் வலிமை என்று வளர்க்கப்பட்ட தலைமுறை. நீதிமன்றத் தாழ்வாரங்களில் காலைச் சாப்பாடு இல்லாமல் பிற்பகல்வரை காத்திருந்து, சர்க்கரை நோய் மாத்திரையை நேரத்துக்குப் போடாமல், ஐம்பது வயதுக்குள் படுத்துவிடும் நம் அமைப்பாளர்களை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியைப் படிக்க முடிகிறது. அவர்களிலும் பெண்கள் எதையும் கேட்பதில்லை.

1965 நிலைமையை மாற்றியது. நாடாளுமன்றத்துக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான் கான்யர்ஸ் தம் டெட்ராய்ட் அலுவலகத்தில் அவருக்கு வேலை தந்தார். வீட்டுவசதி, வேலை, மருத்துவ உதவி என்று குறைகளோடு வருபவர்களைச் சந்திப்பதும் ஊருக்குள் சென்று பார்ப்பதும் பணி. நிரந்தர ஊதியம், மருத்துவக் காப்பீடு. 1988இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். இதற்கிடையில் அவருடைய அரசியல் மென்மையடையவில்லை. மால்கம் எக்ஸ் அவருக்கு மிக மதிப்புக்குரியவர். கொல்லப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு டெட்ராய்ட்டில் அவரைச் சந்தித்தார். 1967 டெட்ராய்ட் எழுச்சியின்போது அல்ஜியர்ஸ் விடுதியில் கறுப்பின இளைஞர் மூவர் கொல்லப்பட்டதை விசாரித்த மக்கள் நீதிமன்றத்தில் நடுவர்களில் ஒருவராக அமர்ந்தார். தாத்தாவின் துப்பாக்கியை மறவாத பேத்தி அவர். சாந்தமே உருவான அகிம்சைப் பாட்டி என்பது பிற்காலத்தார் வரைந்த படம்.

இந்த வாழ்வுக்குள்தான் யோகம் வருகிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்காவில் யோகம் நூல்கள், தொலைக்காட்சி, வகுப்புகள் வழியாகப் பரவியது. அதைப் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் பொழுதாகவே ஊடகங்கள் காட்டின. ஆனால் கறுப்பின மக்களிடையே அதற்கு வேறொரு வழியும் இருந்தது. அது சிறைச்சாலை. கருஞ்சிறுத்தைகள் கட்சியின் எரிக்கா ஹக்கின்ஸ், கணவர் கொல்லப்பட்ட சில மாதங்களில் கைக்குழந்தையைப் பிரிந்து கனெக்டிகட் சிறையில் அடைபட்டிருந்தபோது யோகமும் தியானமும் கற்றுக்கொண்டார். ஏஞ்சலா டேவிஸ் தம் சிறை நாள்களில் அதே பயிற்சியைக் கைக்கொண்டார். தனிமைச் சிறையில் ஓர் உடலுக்கு எஞ்சியிருக்கும் இடம் ஆறடி நீளம். அந்த ஆறடிக்குள் மூச்சையும் முதுகெலும்பையும் தம் வசம் வைத்துக்கொள்ள உதவிய எதையும் அவர்கள் பிறப்பிடம் பார்த்து ஒதுக்கவில்லை.

ரோசா பார்க்ஸின் யோகம் இதைவிட அமைதியானது. தம்பி சில்வெஸ்டருக்குப் பதின்மூன்று பிள்ளைகள். அத்தையாக அவர்களோடு நெருங்கி வாழ்ந்த ரோசாவின் வீட்டு வாழ்க்கையை அவர்கள் 2015இல் வெளிவந்த நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வாழ்க்கையில் தையலும் சமையலும் இருந்தன, விவிலிய வாசிப்பு இருந்தது, யோகமும் இருந்தது. பிற்காலத்தில் அவர் காய்கறி உணவுக்கு மாறினார். 1973 நிழற்படம் ஒரு நிகழ்ச்சியில் எடுக்கப்பட்டது. வீட்டுக்குள் ஒளித்துச் செய்யும் ஒன்றாக அவர் அதைக் கருதவில்லை.

அவர் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் உறுப்பினர். டெட்ராய்ட்டின் புனித மத்தேயு ஆலயத்தில் திருத்தொண்டராகப் பொறுப்பு வகித்தவர். வெள்ளையர் திருச்சபையின் இனஒதுக்கலை எதிர்த்து கறுப்பர்களே தமக்கென அமைத்துக்கொண்ட சபை அது. அந்தச் சபையில் திருத்தொண்டராக இருந்துகொண்டே ஆசனங்களைப் பழகியதில் அவருக்கு முரண்பாடு தெரியவில்லை. ஒரு குருவின் சீடராக அவர் மாறவில்லை, பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, தம் வேதநூலையும் கைவிடவில்லை. உடலுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு தம் வாழ்க்கைக்குள் பொருத்திக்கொண்டார்.

இன்று அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் பண்பாட்டுக்கேற்பத் தகவமைத்த யோகம் என்று பேசுவதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இதுதான். அங்கே கறுப்பின வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. காரணத்தை உணவிலும் சோம்பலிலும் தேடுவதே பழைய வழக்கம். 1992இல் ஆர்லைன் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் வேறொரு விளக்கம் தந்தார். காற்றும் மழையும் பாறையை அரிப்பதுபோல, இனவெறியும் வறுமையும் ஓயாத விழிப்பும் கறுப்பினப் பெண்களின் உடலை உரிய வயதுக்கு முன்பே தேயச் செய்கின்றன என்பது அவர் கருத்து. மாண்ட்கோமரியின் தொலைபேசி மணிகளையும் ரோசாவின் வயிற்றுப்புண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு வேறு சான்று வேண்டாம்.

உடலசைவும் மூச்சுப் பயிற்சியும் இந்தத் தேய்மானத்துக்கு ஓரளவு அணை போடலாம். ஆனால் யோக வகுப்புக்குப் போகும் கறுப்பினப் பெண் முதலில் சந்திப்பது கட்டணம். அடுத்து, மெலிந்த வெள்ளை உடல்களை மட்டுமே காட்டும் சுவரொட்டிகள். அதைத் தாண்டினால், இது வேற்று மத வழிபாடோ என்ற ஐயம். ஆகவே தேவாலயக் கூடத்திலோ சமூக மையத்திலோ, கறுப்பின ஆசிரியர் ஒருவர், அவர்கள் கேட்டு வளர்ந்த இசையோடு, பருத்த உடலுக்கும் வலிக்கும் மூட்டுக்கும் ஏற்ப நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் வகையில் சொல்லித்தரும் வகுப்புகள் உருவாயின. கறுப்பின யோக ஆசிரியர்களுக்கென்று கூட்டமைப்பும் இருக்கிறது. ஆசனம் மாறவில்லை, யார் அறையில் யார் சொல்லித்தருகிறார்கள் என்பது மாறியது. அந்த மாற்றம் சிறிதன்று.

நம் வாசகர்களில் பலருக்கு யோகம் என்ற சொல்லே உறுத்தும். காரணமில்லாமல் இல்லை. 2014இல் ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 21ஐ யோக நாளாக அறிவித்ததிலிருந்து, அரசு விழாவாகவும் ஒற்றைப் பண்பாட்டின் விளம்பரமாகவும் அது நம்மீது விரிக்கப்படுகிறது. மலக்குழியில் இறங்கும் மனிதருக்குப் பாதுகாப்புக் கருவி தராத அரசு அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வருவதை எரிச்சலின்றிப் பார்க்க முடியாது. கட்டமைப்பு உண்டாக்கிய நோய்க்குத் தனிமனிதரின் ஒழுக்கத்தை மருந்தாக எழுதித்தரும் தந்திரம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. கறுப்பின விமர்சகர்களும் இதைச் சுட்டிக்காட்டியே வருகிறார்கள்.

இருப்பினும் உரிமையாளர் யார் என்ற கேள்வியில் நாம் அவசரப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. சாதியைப் பழித்த சித்தர் மரபில் மூச்சும் உடலும் மைய இடம் பெற்றிருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். உடலைப் பேணும் அறிவை ஒரு சாதியின் சொத்தென்று ஒப்புக்கொண்டு விலகிப்போவது, பொதுக்குளம் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டு விலகுவதற்கு வெகுதொலைவில் இல்லை. மகாடில் நீர் அருந்தியது தாகத்துக்காக மட்டும் அன்று என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதனால் எல்லோரும் ஆசனம் போட வேண்டும் என்பதில்லை. பறையாட்டமும் சிலம்பமும் கபடியும் கையில் இருக்கும் மக்களுக்கு உடற்பயிற்சியை எங்கிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டிய தேவையும் இல்லை. ரோசாவிடமிருந்து நமக்குத் தேவைப்படுவது ஆசனத்தைவிட, எடுத்துக்கொள்வதில் அவருக்கு இருந்த தயக்கமின்மை.

எழுபதுகளின் பிற்பகுதி அவருக்குச் சாவுகளின் காலம். 1977இல் கணவர் ரேமண்ட் புற்றுநோயில் மறைந்தார். சில மாதங்களில் தம்பி சில்வெஸ்டரும் புற்றுநோய்க்குப் பலியானார். தாயும் நோயுற்றிருந்தார், அவரைக் கடைசிவரை ரோசாவே கவனித்துக்கொண்டார். கீழே விழுந்து எலும்பு முறிந்த காலமும் உண்டு. அதற்குப் பின்னும், 1984இல் 71 வயதில், வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறி எதிர்ப்பு மறியலில் நின்றார். 1987இல் எலைன் ஈசன் ஸ்டீலுடன் சேர்ந்து தம் பெயரிலும் கணவர் பெயரிலும் இளைஞர்களுக்கான சுயமேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். விடுதலைப் போராட்டத்தின் தடங்கள் வழியே இளைஞர்களைப் பேருந்தில் அழைத்துச் செல்லும் பயணத்திட்டம் அதன் பணிகளில் ஒன்று.

1994இல் டெட்ராய்ட் வீட்டுக்குள் புகுந்த ஓர் இளைஞன் 81 வயதான அவரை அடித்துச் சிறு தொகையைப் பறித்துச் சென்றான். அவனும் கறுப்பினத்தவன். கறுப்பின இளைஞரின் இழிநிலைக்கு இதைச் சான்றாகக் காட்ட ஊடகங்கள் விரும்பின. ரோசா அதற்கு இடம் தரவில்லை, அவனை உருவாக்கிய சூழலைப் பற்றியே பேசினார். அடுத்த ஆண்டு பத்து இலட்சம் ஆண்கள் பேரணியின் மேடையில் நின்று பேசினார். குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் 1996இலும் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 1999இலும் வந்தன. 2005 அக்டோபர் 24 அன்று 92 வயதில் மறைந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தின் மையக் கூடத்தில் மக்கள் அஞ்சலிக்காக உடல் வைக்கப்பட்ட முதல் பெண் அவரே.

அவர் விட்டுச்சென்ற தாள்களின் கதை ஒரு வழக்குக் கதை. சுயமேம்பாட்டு நிறுவனத்துக்கும் தம்பியின் பிள்ளைகளுக்கும் இடையிலான வாரிசுரிமைத் தகராறில், ஆயிரக்கணக்கான கையெழுத்துத் தாள்களும் நிழற்படங்களும் நியூயார்க்கின் ஏல நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தன. 2014இல் ஹோவர்ட் பஃபெட் அறக்கட்டளை அவற்றை விலைக்கு வாங்கி நாடாளுமன்ற நூலகத்திடம் ஒப்படைத்தது. 2015இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட அந்தப் பெட்டிகளில் வாக்கு வரி ரசீதும், வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்த அப்பத்துக்கான சமையற்குறிப்பும், மாண்ட்கோமரி நாள்களின் தனிமையை எழுதிய துண்டுத் தாள்களும், யோகப் படங்களும் ஒன்றாகவே இருந்தன. ஸ்டெஃபனி எவன்ஸ் என்ற கறுப்பின வரலாற்றாய்வாளர் கறுப்பினப் பெண்களின் யோக வரலாற்றை 2021இல் நூலாக வெளியிட்டபோது, ரோசா பார்க்ஸும் அதில் இடம்பெற்றார்.